நான்கு சீசன் போன கரையிலிருந்து: சின்ன விடுதிக்காரருக்குச் சில வழிகள்

திருகோணமலை உப்புவெளியில் நாங்கள் குடும்பமாக ஒரு விருந்தினர் விடுதி நடத்துகிறோம். வீட்டு ஆண்களில் பாதிப்பேர் கடற்றொழில், மற்றவர்கள் விடுதி. இலங்கையிலோ தமிழ்நாட்டிலோ வேறெங்காவதோ கடற்கரையில் நாலைந்து அறை வைத்துப் பிழைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய ஹோட்டல்களுக்குக் கணக்காளர் இருக்கிறார், ஆலோசகர் இருக்கிறார். நமக்கு நாம்தான்.

முதலில் எங்கள் கரையின் கதையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே வருகிற எல்லா ஆலோசனையும் அதிலிருந்து பிறந்ததுதான். கிழக்கில் சீசன் சித்திரை வருடப்பிறப்போடு தொடங்கி செப்டம்பரில் அடங்கும். அப்புறம் வாடைக்காற்றும் மழையும். 2019 ஏப்ரல் 21இல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள் நடந்தன, அது எங்கள் சீசன் தொடங்குகிற நேரம். 2020 மார்ச்சில் கொரோனா நோய் வந்து விமான நிலையம் மூடப்பட்டது, அதுவும் சீசனுக்கு ஒரு மாதம் முன்னால். 2021இல் வருடப்பிறப்புக் கொண்டாட்டம் முடிந்த கையோடு மூன்றாவது அலை. மே, ஜூனில் பயணத் தடை, ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை மறுபடி ஊரடங்கு. 2022இல் பெற்றோல் இல்லை, எரிவாயு இல்லை, மின்சாரமும் மணிக்கணக்கில் இல்லை. தென்கரைக்காரருக்கு டிசம்பர் முதல் மார்ச் வரை சீசன் என்பதால் 2021 முடிவிலிருந்து கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. எங்களுக்கு நான்கு சீசன் வரிசையாகப் போனது.

நாட்டுக் கணக்கும் அதைத்தான் சொல்கிறது. 2018இல் இலங்கைக்கு 23 இலட்சத்துக்கு மேல் வெளிநாட்டார் வந்தார்கள். 2020இல் 5 இலட்சம், அதுவும் ஏறக்குறைய முழுவதும் மார்ச்சில் விமான நிலையம் மூடப்படுவதற்கு முன் வந்தவர்கள். 2021இல் 2 இலட்சம்கூட இல்லை. 2024இல்தான் 20 இலட்சத்தைத் தாண்டியது, அப்போதும் 2018ஐ எட்டவில்லை. ஆகவே "எல்லாம் திறந்தவுடன் சனம் வந்துவிடும்" என்ற நம்பிக்கையில் யாரும் திட்டம் போட வேண்டாம். திறப்பது ஒரு நாள் வேலை. மீள்வதற்கு வருடங்கள் பிடிக்கும், அந்த வருடங்களைக் கடத்துவதற்கு நல்ல சீசனிலேயே வேலை செய்திருக்க வேண்டும்.

மூடியிருந்தாலும் போகிற காசு

ஒரு கொப்பியை எடுங்கள். விடுதியில் ஒரு விருந்தாளிகூட இல்லாத மாதத்தில் என்னென்ன செலவு போகும் என்று எழுதுங்கள். வங்கித் தவணை, மின்சாரத்தின் நிலையான கட்டணம், தண்ணீர், இணையம், பிரதேச சபை உரிமம், காவலுக்கு இருப்பவரின் சம்பளம், உங்கள் வீட்டுச் சாப்பாடு, பிள்ளைகளின் படிப்பு. பலர் வீட்டுச் செலவை இதில் சேர்ப்பதில்லை. சின்ன விடுதியில் வீடும் தொழிலும் ஒரே சட்டியில் வேகிறவை, ஆகவே கட்டாயம் சேருங்கள்.

அடுத்தது, அந்தத் தொகையை எத்தனை மாதத்தால் பெருக்குவது என்ற கேள்வி. மூன்று மாதம், ஆறு மாதம் என்று பொதுவாகச் சொல்வார்கள். சீசன் கரைக்கு அது பொருந்தாது. செப்டம்பரில் வருமானம் நின்றால் அடுத்த ஏப்ரல் வரை எப்படியும் வராது. அந்த ஏப்ரலில் தொடங்க வேண்டிய சீசனும் போனால் இன்னொரு வருடம். ஒக்டோபரிலிருந்து எண்ணிப் பாருங்கள், பதினெட்டு மாதம். உதாரணத்துக்கு மாதம் 60,000 ரூபாய் என்றால் 10 இலட்சத்து 80 ஆயிரம். இந்தத் தொகை சின்ன விடுதிக்காரர் யாரிடமும் சும்மா கிடக்காது, எனக்குத் தெரியும். இருந்தாலும் இலக்கு எவ்வளவு என்று கண்ணால் பார்த்தால்தான் தவணையில் இன்னொரு ஏசி வாங்கலாமா என்ற யோசனை வரும்போது கை தயங்கும்.

சேமிப்பை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். 2022 மார்ச்சுக்கும் மே மாதத்துக்கும் இடையில் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனது. கஷ்டப்பட்டு ரூபாயில் சேர்த்தவர்களின் காசு கண்ணுக்கு முன்னால் கரைந்தது. வெளிநாட்டாரிடம் வாங்குகிற பணத்தில் ஒரு பங்கை வெளிநாட்டு நாணயக் கணக்கிலேயே வைக்க முடியுமா என்று உங்கள் வங்கியில் கேளுங்கள். இன்னொரு பங்கு செலவைக் குறைக்கிற பொருளாக மாறலாம். சூரிய மின்தகடு அதில் முதலாவது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: பற்றரி இல்லாமல் மின்சார சபை இணைப்போடு மட்டும் பொருத்தினால், கரண்ட் போகும்போது அதுவும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்கிற ஊழியரின் பாதுகாப்புக்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தபோது, கூரையில் தகடு இருந்தும் இருட்டில் இருந்த விடுதிகள் உண்டு. குறைந்தது தண்ணீர்ப் பம்பும் நாலு விசிறியும் குளிர்சாதனப் பெட்டியும் ஓடுகிற அளவுக்குப் பற்றரி போடுங்கள்.

உள்ளூராரை விருந்தாளியாக நடத்துங்கள்

இதைத்தான் நான் எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன். 2020 ஜூன் கடைசியில் ஊரடங்கு முழுதாக எடுக்கப்பட்டது. ஒக்டோபர் தொடக்கத்தில் மினுவாங்கொடையில் நோய் கூட்டமாகப் பரவும் வரைக்கும் நாட்டுக்குள் சனம் நடமாட முடிந்தது. சுற்றுலாப் பயணிகளோடு விமானம் ஒன்றும் வரவில்லை. ஆனால் கொழும்பு, கண்டி, குருநாகலிலிருந்து வான் வண்டிகளில் வரிசையாக வந்தார்கள். அந்த இடைவெளி எங்கள் சீசனுக்கு நடுவில் விழுந்தது. அந்த மூன்று மாதம் உள்ளூராரை ஏற்கத் தயாராக இருந்த விடுதிகளுக்குச் சோறு போட்டது. "எங்களுக்கு வெள்ளைக்காரர் மட்டும்தான்" என்று பல வருடம் பெயர் எடுத்த இடங்களுக்கு அழைப்பே வரவில்லை.

உள்ளூர்க் குடும்பம் ஒன்று எப்படி வரும் என்று பாருங்கள். ஒரு வானில் பன்னிரண்டு பேர், அப்பம்மா முதல் கைக்குழந்தை வரை. இரட்டைக் கட்டில் போட்ட ஆறு அறை அவர்களுக்கு வேண்டாம். சேர்ந்து படுக்கிற மாதிரி பெரிய அறை இரண்டு வேண்டும், தரையில் விரிக்க மேலதிக மெத்தை வேண்டும். சில குடும்பங்கள் அரிசியும் பருப்பும் கொண்டுவந்து தாங்களே சமைக்கும். அதற்கு ஒரு வெளிச் சமையலறை, இரண்டு அடுப்பு, பெரிய சட்டி. கடலில் குளித்துவிட்டு உடம்பெல்லாம் மணலோடு வருகிறவர்களுக்கு வாசலிலேயே ஒரு குழாய், கீழே சல்லிக்கல் போட்டு. இந்தக் குழாய் ஒன்று இருந்தால் உங்கள் அறைக் குளியலறையின் வடிகால் அடைபடுவது நன்றாகக் குறையும். வானுக்கு நிழல் வேண்டும். சாரதிக்குப் படுக்க ஒரு கட்டில், மின்விசிறி, இரவுச் சாப்பாடு வேண்டும். அவரை வானுக்குள் தூங்க விட்ட விடுதிக்கு அவர் இன்னொரு தடவை ஆள் கொண்டுவர மாட்டார். நன்றாகக் கவனித்தால் வருடத்துக்குப் பல வான் அவர் மூலமாகவே வரும்.

தமிழ்நாட்டு உறவுகளையும் நினையுங்கள். 2022 டிசம்பரில் சென்னை-யாழ்ப்பாண விமானம் மறுபடி தொடங்கியது. நாகப்பட்டினம்-காங்கேசன்துறைக் கப்பல் 2023 ஒக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்தது. இலங்கைக்கு வருகிறவர்களில் 2022, 2023, 2024 மூன்று வருடமும் இந்தியர்தான் முதலிடம். திருக்கோணேச்சரம் சம்பந்தர் பாடிய தலம் என்பதால் கோயில் பார்க்க வருகிறவர்களுக்கு எங்கள் ஊர் பட்டியலில் மேலேயே இருக்கும். அவர்களுக்குத் தனிச் சைவச் சமையல், காலை ஐந்து மணிக்கு வெந்நீர், கோயிலுக்கும் கன்னியா வெந்நீரூற்றுக்கும் போக ஒரு ஓட்டோ. இவ்வளவு இருந்தால் போதும்.

விலையை ரூபாயில் எழுதிப் போடுங்கள். வெளிநாட்டாருக்கு ஒரு விலை, உள்ளூராருக்கு ஒரு விலை வைப்பது உங்கள் விருப்பம். ஆனால் உள்ளூராரை வரவேற்கிற முகத்தில் வேறுபாடு இருக்கக் கூடாது. சனம் அதை மறக்காது.

வேலையாட்களும் வள்ளக்காரரும்

கரை மூடினால் முதலில் போவது ஆட்கள். நன்றாகச் சமைக்கிற பையன் கட்டார் போய்விடுவான், ஆங்கிலம் பேசுகிற பிள்ளை கொழும்பில் கடை வேலைக்குப் போய்விடும். திறக்கும்போது அறை இருக்கும், ஆள் இருக்காது. முழுச் சம்பளம் கொடுத்து வைத்திருக்க நம்மால் முடியாது என்பது உண்மை. முடிந்தவை சில உண்டு: அரைச் சம்பளத்தோடு சாப்பாடும் தங்குமிடமும், பெயிண்ட், தச்சு, தோட்டம் என்று விடுதிக்குள்ளேயே வேலை. அதுவும் முடியாவிட்டால், எந்த மாதம் மறுபடி கூப்பிடுவோம் என்பதையாவது வெளிப்படையாகச் சொல்லுங்கள். சொல்லாமல் விடுவதுதான் ஆட்களை நிரந்தரமாக இழக்க வைக்கிறது.

கடற்றொழிலோடு சேர்ந்திருப்பது பெரிய பலம். திமிங்கிலம் காட்ட ஆட்களை ஏற்றுகிற வள்ளமே வலையும் ஏற்றும். இந்தோனேசியாவின் பாலித் தீவுப் பக்கம் நுசா லெம்பொங்கன் தீவில் சுற்றுலா நின்றபோது சனம் தாங்கள் கைவிட்ட கடற்பாசி வளர்ப்புக்குத் திரும்பியதும் இதே வழிதான். ஆனால் இரண்டு தொழில் இருந்தால் முழுப் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். 2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையில் நோய் பரவி அது மூடப்பட்டது. சனம் மீனைத் தொடவே பயந்தது, பிடித்த மீனை வாங்க ஆள் இல்லை. 2022இல் மண்ணெண்ணெய் கிடைக்காமல் வள்ளம் கரையிலேயே கிடந்தது. ஆகவே கடலோடு தொடர்பில்லாத ஒரு சின்ன வருமானமும் வீட்டுக்குள் வரவேண்டும். தையல், கோழி, வீட்டுத் தோட்டம், யாராவது ஒருவருக்கு மாதச் சம்பளம். கருவாடு போடத் தெரிந்த வீடுகள் அந்த மாதங்களில் மற்றவர்களைவிடக் கொஞ்சம் நிமிர்ந்து நின்றன.

வங்கி, பதிவு, காப்புறுதி

இவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். தவணை ஒத்திவைப்பு என்றால் மன்னிப்பு என்று பொருள் இல்லை. ஒத்திவைத்த காலத்துக்கும் வட்டி ஏறும், சில வேளை அந்த வட்டி முதலோடு சேர்ந்து அதற்கும் வட்டி வரும். கையெழுத்துப் போடுவதற்கு முன் "ஒத்திவைத்தால் கடைசியில் மொத்தம் எவ்வளவு கட்டுவேன்" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விடுதியைச் சுற்றுலா அதிகார சபையில் பதிவு செய்யுங்கள். நிவாரணமும் சலுகைக் கடனும் வரும்போது முதலில் பார்ப்பது பதிவு இலக்கத்தைத்தான். காப்புறுதிப் பத்திரத்தில் தொழில் நின்றுபோன இழப்புக்கு எப்போது பணம் தருவார்கள் என்ற பகுதியைத் தேடிப் படியுங்கள். பெரும்பாலும் கட்டடத்துக்குச் சேதம் வந்தால்தான் தருவார்கள், தொற்றுநோய் அதில் அடங்காது.

முன்பதிவுத் தளங்களை மட்டும் நம்பினால் உங்கள் விருந்தாளிகளின் பெயரும் இலக்கமும் அவர்களிடம்தான் இருக்கும். தங்கிப் போகிற ஒவ்வொருவரிடமும் கேட்டு வட்ஸ்அப் இலக்கம் வாங்கிக் கொப்பியில் எழுதி வையுங்கள். முற்பணம் வாங்கும்போதே, பயணம் தடைப்பட்டால் தேதியை மாற்றலாம், ஒரு வருடம் வரை செல்லும் என்று எழுதிக் கொடுங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டு எல்லாரும் ஒரே கிழமையில் வருவதை அது தடுக்கும், வந்தவர்களுக்கும் நியாயமாக இருக்கும்.

விலையை உடைக்காதீர்கள்

கரை திறந்த முதல் மாதத்தில் பசியில் எல்லாரும் விலையைக் குறைப்பார்கள். ஒருவர் 6,000 ரூபாய் அறையை 4,000க்குக் கொடுப்பார், பக்கத்து வீட்டுக்காரர் 3,000க்கு இறங்குவார். மொத்தமாக வருகிற ஆட்களின் எண்ணிக்கை அதனால் கூடப்போவதில்லை, கரை முழுவதற்கும் வருமானம்தான் குறையும். குறைத்த விலையை மறுபடி ஏற்றுவதற்கு இரண்டு சீசன் போகும். விலையை அப்படியே வைத்துவிட்டு, காலைச் சாப்பாடு, மூன்றாவது இரவுக்கு விலைக் கழிவு, வள்ளச் சவாரியில் சலுகை என்று சேர்த்துக் கொடுங்கள்.

இதைத் தனியாக ஒருவர் செய்ய முடியாது. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு. விடுதிக்காரர், வள்ளக்காரர், ஓட்டோக்காரர், கடற்கரையில் வடையும் சுண்டலும் விற்கிறவர் எல்லாரும் இருக்கிற ஒரு சங்கம் வேண்டும், பெரிய பெயர்ப்பலகை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நல்ல சீசனில் மாதம் ஒரு தடவையாவது கூடுங்கள். அடிமட்ட விலை, குப்பை அள்ளுகிற முறை, அறை நிரம்பினால் யாருக்கு அனுப்புவது, கடலில் இழுவை உள்ள இடத்தில் யார் கொடி நடுவது, இவை நாலும் முடிவானால் போதும். ஒரு பொதுச் சீட்டுப் போட்டு வைத்தால், ஒரு வீட்டுக்கு நோய் வந்து பூட்டினாலும் சமாளிக்க முடியும்.

தாய்லாந்தின் புக்கெட் தீவுக்காரர்கள் 2021 ஜூலை 1இல் தடுப்பூசி போட்ட பயணிகளுக்குத் தீவைத் திறந்தார்கள். அதற்கு முன் தங்கள் சொந்தச் சனத்தில் பெரும்பகுதிக்கு ஊசி போட்டு முடிக்கப் பாடுபட்டார்கள். வருகிறவனுக்கு முன்னால் ஊரில் இருக்கிறவளைப் பாதுகாத்த அந்த வரிசை எனக்குப் பிடித்தது. அடுத்த நோய் எதுவானாலும் அறை துடைக்கிற பெண்ணுக்கும் சமையல்காரருக்கும் மருந்தும் முகக்கவசமும் சம்பளத்தோடு விடுப்பும் முதலில் கிடைக்கச் சங்கம் நிற்க வேண்டும்.

முருகைக்கல், மணல், கிணறு

பக்கத்து நிலாவெளிக்கு வருகிறவர்களில் பலர் புறாத்தீவுக்காகத்தான் வருகிறார்கள். அது 2003இலிருந்து தேசிய பூங்கா. முருகைக்கல்லில் (பவளப்பாறையில்) கால் வைத்து நிற்கிறவர்களும் நங்கூரத்தைக் கண்ட இடத்தில் போடுகிற வள்ளங்களும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறார்கள். கரை திறந்த உற்சாகத்தில் ஒரே காலையில் எல்லா வள்ளமும் அங்கே போகாமல் நேரம் பிரித்துக்கொள்ளுங்கள். தாய்லாந்தில் மாயா விரிகுடாவை 2018 ஜூனில் மூடி, 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். திறந்தபோது ஒரு சுற்றுக்கு 375 பேர் மட்டும், குளிக்க அனுமதி இல்லை, வள்ளம் முன்பக்கம் வரக் கூடாது என்று விதி வைத்தார்கள். பிலிப்பைன்ஸின் பொராக்காய் தீவைக் கழிவுநீர்ப் பிரச்சினைக்காக 2018இல் ஆறு மாதம் அரசே பூட்டியது. இந்த இரண்டு பூட்டும் நோய் வருவதற்கு முன்பே நடந்தவை. கடலைக் கெடுத்தால் நோய் இல்லாமலே கரை மூடும்.

மணல்மேட்டில் இருக்கிற அடம்பனையும் இராவணன் மீசையையும் தாழையையும் "காட்சி மறைக்குது" என்று வெட்டாதீர்கள். மணலைப் பிடித்து வைத்திருப்பது அவைதான். 2004 டிசம்பர் 26ஐப் பார்த்த கரைக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. புதிதாக அறை கட்டுவதானால் பின்பக்கம் கட்டுங்கள்.

கிணற்றைப் பற்றிப் பலர் யோசிப்பதில்லை. எங்கள் மணல் நிலத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாக நிற்கிறது. பெரிய மோட்டாரைப் போட்டு ஒரே மூச்சில் இழுத்தால் அடியிலிருந்து உவர் ஏறும். சின்ன மோட்டார், நாளுக்கு இரண்டு மூன்று தடவையாகப் பிரித்து இறைப்பது, மழைநீருக்கு ஒரு தொட்டி. மலசலகூடக் குழியைக் கிணற்றிலிருந்து முடிந்த அளவு தூரத்தில் வையுங்கள். சீசன் நடுவில் கிணறு உவர்த்தால் பவுசர் வண்டித் தண்ணீருக்குக் கொடுக்கிற காசில் இலாபமே போய்விடும்.

பூட்டிய அறையை எப்படி வைத்திருப்பது

உப்புக் காற்று பூட்டிய அறையை விட்டுவைக்காது. கிழமைக்கு ஒரு தடவை கதவு யன்னல் எல்லாம் திறந்து காலை முழுக்கக் காற்றோட விடுங்கள். மெத்தையைச் சுவரோடு நிமிர்த்தி வையுங்கள், கீழே காற்றுப் போகாவிட்டால் ஒரு மாரிக்குள் கறுப்புப் பூஞ்சை பிடித்துவிடும். துணிகளைப் பெட்டிக்குள் வைக்கும்போது நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கதவுப் பிணைச்சலுக்கும் பூட்டுக்கும் கிறீஸ். ஏசியின் வெளிப்பெட்டியை மின்சாரத்தை நிறுத்திவிட்டு நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவி, மாதம் ஒரு தடவை கொஞ்ச நேரம் ஓட்டுங்கள். அலுமினியத் தகட்டில் உப்புப் படிந்து கிடந்தால் அது பொடியாக உதிரும், புதிதாக வாங்க வேண்டி வரும். எல்லாக் குழாயையும் கொஞ்ச நேரம் திறந்து ஓடவிட்டு மூடுங்கள்; வடிகாலில் தேங்கிய தண்ணீர் வற்றிப்போனால் நாற்றமும் கரப்பானும் மேலே வரும்.

திறப்பதற்கு முன் கூரைத் தொட்டியை இறக்கிக் கழுவி, குளோரின் விட்டு, அதே தண்ணீரைக் குழாய்கள் வழியே ஓடவிட்டு வெளியேற்றுங்கள். ஒரு அறையைத் தனிக் குளியலறையும் தனி வாசலும் உள்ளதாக ஒதுக்கி வையுங்கள். யாருக்காவது காய்ச்சல் வந்தால் மற்ற விருந்தாளிகளை அனுப்பாமல் சமாளிக்க அது உதவும். மாவட்டப் பொது வைத்தியசாலை, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், இரவில் வரக்கூடிய ஓட்டோ, இந்த மூன்று இலக்கங்களும் ஒவ்வொரு அறைக் கதவிலும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் இருக்கட்டும்.

முதல் முன்பதிவை ஏற்பதற்கு முன் ஒவ்வொரு அறையிலும் ஒரு இரவு வீட்டார் யாராவது படுத்துப் பாருங்கள். விசிறி சத்தம் போடுகிறதா, நுளம்பு வலையில் ஓட்டை உண்டா, வெந்நீர் வருகிறதா, நடுச்சாமத்தில் பம்ப் நிற்கிறதா என்பதெல்லாம் பகலில் தெரியாது. காலையில் எழுந்து பட்டியல் போடுங்கள், அதைச் சரிசெய்த பிறகு வானுக்கு வாசலைத் திறவுங்கள்.